கருவிக்கு விலை பேசும் முன் வீட்டை அளக்கச் சொல்லுங்கள்

கேள்வி (சுருக்கம்)

புதுச்சேரி, இலாசுப்பேட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் விரிவான கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகளும், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மருமகனும் பிரான்சின் கிழக்கு எல்லையில் உள்ள அல்சாஸ் பகுதியில், கொல்மார் நகரை அடுத்த சிற்றூர் ஒன்றில், 1974-இல் கட்டப்பட்ட தனி வீட்டை வாங்கிக் குடியேறியிருக்கிறார்கள். நிலவறையில் எண்ணெயில் எரியும் பழைய பாய்லர் இருக்கிறது. அது காய்ச்சும் நீர் எல்லா அறைகளிலும் உள்ள இரும்பு ரேடியேட்டர்களில் ஓடி வீட்டைச் சூடாக்குகிறது. குளிக்கும் வெந்நீரும் அதிலிருந்தே வருகிறது. ஓராண்டில் 2,400 லிட்டர் எண்ணெய் தீர்ந்து, லிட்டருக்கு 1.15 யூரோ வீதம் 2,760 யூரோ செலவாகியிருக்கிறது.

இந்நிலையில் மகளுக்குத் தொலைபேசியில் ஓர் அழைப்பு வந்தது. மறுநாளே வீட்டுக்கு வந்த விற்பனையாளர், மாலை முழுவதும் பேசி, 16 கிலோவாட் ஹீட் பம்ப் (வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்கும் மின்கருவி) ஒன்றை 22,400 யூரோவுக்குப் பொருத்தித் தருவதாகவும், அரசு மானியம் பெரும்பகுதியை ஈடுகட்டும் என்றும், செலவு முக்கால்வாசி குறையும் என்றும் சொல்லி, கடன் ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கையெழுத்து வாங்கிச் சென்றிருக்கிறார். ஆறு நாட்கள் கழிந்துவிட்டன. "மைனஸ் 10 டிகிரி காற்றில் சூடு ஏது? இது சுத்த ஏமாற்று வேலை" என்கிறார் தந்தை. கையெழுத்திலிருந்து மீள முடியுமா, பாய்லரையே வைத்துக்கொள்வது மேலா, இங்கிருந்து நான்கு ஸ்பிளிட் ஏ.சி. வாங்கிக் கப்பலில் அனுப்பலாமா, தன் வைப்புத்தொகையை உடைத்துப் பணம் கொடுக்கலாமா என்று கேட்கிறார். பேரக்குழந்தையைப் பார்க்க ஜனவரியில் மனைவியுடன் அங்கே போகிறார். மனைவிக்கு மூட்டுவலியும் இளைப்பும் உண்டு. வெப்பம் வீணாகாமல் இருக்க ஜன்னல் மேலுள்ள காற்றுத் துளைகளை டேப் ஒட்டி அடைக்கும்படி மகளிடம் சொல்லியிருப்பதாகவும் எழுதியிருக்கிறார்.

பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

வெப்பமூட்டும், குளிரூட்டும் அமைப்புகளைத் திட்டமிடும் பொறியாளன் என்ற முறையில் இதற்கு விடையளிக்கிறேன். நாள் கணக்கு ஓடிக்கொண்டிருப்பதால், கையெழுத்தைப் பற்றிய பகுதியை உங்கள் கடிதம் கிடைத்த அன்றே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் உள்ள வேறு குடும்பங்களுக்கும் உதவும் என்று நீங்கள் சம்மதித்ததால் முழுப் பதிலையும் இங்கே தருகிறேன். புதுவையிலும் காரைக்காலிலும் பிள்ளைகளைப் பிரான்சில் வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். நம் ஊர் வெயிலில் வளர்ந்த பெற்றோர் அந்தக் குளிரைப் பற்றி இங்கிருந்தபடியே அறிவுரை சொல்ல நேர்வதும் வழக்கமாகிவிட்டது.

முதலில் கையெழுத்து

விற்பனையாளர் வீடு தேடி வந்து செய்த ஒப்பந்தத்திலிருந்து, கையெழுத்திட்ட பின் 14 நாட்களுக்குள், எந்தக் காரணமும் சொல்லாமல் விலகிக்கொள்ளும் உரிமையைப் பிரெஞ்சு நுகர்வோர் சட்டம் தருகிறது. ஒப்பந்தத்தோடு விலகல் படிவம் ஒன்றும் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். அதை நிரப்பியோ, தனிக் கடிதமாகவோ, ஒப்புகையுடன் கூடிய பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும். இந்த உரிமையைப் பற்றி விற்பவர் தெரிவிக்கவே இல்லையென்றால் கெடு மேலும் 12 மாதம் நீள்கிறது என்றாலும், அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். கையெழுத்திட்ட நாளிலிருந்தே எண்ணி, பதினான்காம் நாளுக்கு முன் கடிதம் தபாலில் சேர்ந்திருக்கட்டும். அந்தக் கருவிக்காகவே எடுத்த கடனும் விற்பனை ரத்தானதும் தானாக ரத்தாகும். அதற்கு அபராதம் கிடையாது. முதல் ஏழு நாட்களுக்குள் முன்பணம் என்று எதையும் வாங்கவும் விற்பவருக்கு உரிமை இல்லை. இதே ஒப்பந்தத்தைக் கண்காட்சி அரங்கில் செய்திருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைத்திருக்காது என்பதையும் மருமகன் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்றும் உண்டு. வீட்டு ஆற்றல் சீரமைப்பு வேலைகளுக்காக முன்பின் தொடர்பில்லாதவர்களைத் தொலைபேசியில் அழைத்து விற்பதை 2020 ஜூலையில் வந்த சட்டம் பிரான்சில் தடை செய்துவிட்டது. மகளுக்கு வந்தது அப்படிப்பட்ட அழைப்பு என்றால், அந்த அழைப்பின் தேதி, நேரம், எண் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 14 நாள் கடந்த பிறகு சிக்கல் வந்தால் அங்குள்ள வழக்கறிஞருக்கு அது முக்கியமான பிடி.

"கையெழுத்துப் போட்டுவிட்டு வார்த்தை மாறுவது முறையா" என்று மருமகன் தயங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தயக்கம் அவருடைய நல்ல குணத்தைக் காட்டுகிறது. ஆனால் ஆற அமர யோசிக்கத்தான் சட்டமே இந்த 14 நாட்களைக் கொடுத்திருக்கிறது. விலகிய பின்னும், வீட்டை முறையாக அளந்து புதிய விலைப்புள்ளி தரும்படி அதே நிறுவனத்தையும் கேட்கலாம். அவர்கள் மோசடிக்காரர்கள் என்று நீங்கள் எழுதியிருப்பதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. நீங்கள் அனுப்பிய தாள்களில் தெரிவது அவசரமான விற்பனை. மோசடிக்கு அவற்றில் ஆதாரம் இல்லை. அவசரமாகப் பொருத்திய நல்ல கருவியும் அந்த வீட்டைக் கெடுக்கும் என்பதால்தான் விலகச் சொல்கிறேன்.

மைனஸ் பத்தில் சூடு ஏது?

இந்த ஐயம் உங்களுக்கு மட்டும் உரியதல்ல. காற்று குளிர்ந்திருக்கிறது என்பதால் அதில் வெப்பமே இல்லை என்று நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் மைனஸ் 10 டிகிரிக் காற்றிலும் எடுக்கத்தக்க வெப்பம் நிறையவே இருக்கிறது. அதைவிடக் குளிர்ந்த ஒரு பொருளை அதன் எதிரே வைத்தால் வெப்பம் தானாக அதற்குள் பாயும். ஹீட் பம்பில் ஓடும் ஆர்-32 வாயு மைனஸ் 52 டிகிரியிலேயே கொதிக்கும். இப்போது பெருகிவரும் புரொப்பேன் வகை, அதாவது ஆர்-290, மைனஸ் 42-இல் கொதிக்கும். இப்படிப்பட்ட வாயுவுக்கு அல்சாசின் பனிக்காற்றே சூடான காற்றுதான். காற்றிலிருந்து வெப்பத்தை வாங்கி ஆவியாகும் வாயுவைக் கம்ப்ரஸர் அழுத்திச் சூடேற்றுகிறது. அந்தச் சூடு ரேடியேட்டர் நீருக்குப் போகிறது. உங்கள் வீட்டு ஏ.சி.யும் இதைத்தான் செய்கிறது. மே மாத மதியத்தில் அதன் அவுட்டோர் யூனிட்டின் முன் நின்றால் முகத்தில் அடிக்கும் அனல், உங்கள் படுக்கையறையிலிருந்து அகற்றப்பட்ட வெப்பமும் கம்ப்ரஸர் செலவழித்த மின்சாரமும் சேர்ந்ததே.

கிணற்று நீரை மாடித் தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ, தொட்டி எவ்வளவு உயரமோ, அவ்வளவு மின்சாரம் செலவாகும். வெளியே 7 டிகிரி இருக்கும் நாளில் 35 டிகிரி நீர் தரும்போது ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நான்கு யூனிட் வெப்பம்கூடக் கிடைக்கும். மைனஸ் 7-இல் 55 டிகிரி நீர் கேட்டால் அது இரண்டு, இரண்டரை என்று இறங்கிவிடும். அப்போதும் சாதாரண மின் ஹீட்டரைவிட அது மேல்தான். ஹீட்டரில் ஒன்றுக்கு ஒன்றுதான் கிடைக்கும்.

இது நேற்று வந்த வித்தையும் அல்ல. அல்சாசை ஒட்டிய சுவிட்சர்லாந்தில், சூரிச் நகர மன்றக் கட்டடம் 1938-லேயே லிம்மாட் ஆற்று நீரிலிருந்து வெப்பத்தை எடுத்துத் தன்னைச் சூடாக்கிக்கொண்டது. ஐரோப்பாவில் வீடுகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் ஹீட் பம்ப் மிகுந்திருப்பது நார்வே, ஸ்வீடன், பின்லாந்து ஆகிய கடுங்குளிர் நாடுகளில்தான்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். ரைன் சமவெளியில் குளிர்காலத்தில் மூடுபனி அதிகம். வெளியே ஒன்று, இரண்டு டிகிரியும் நிறைந்த ஈரப்பதமுமாக இருக்கும் நாளில் அவுட்டோர் யூனிட்டின் தகடுகள் வெள்ளையாக உறைந்துபோகும். கருவி விசிறியை நிறுத்தி, சில நிமிடம் தலைகீழாக ஓடி அந்தப் பனியை உருக்கும். அப்போது அதிலிருந்து புகைபோல ஆவி எழும். ஜனவரியில் இத்தகைய கருவியைப் பார்க்க நேர்ந்தால் தீப்பிடித்துவிட்டது என்று பதற வேண்டாம். உருகிய நீர் வடிய வழி வேண்டும். யூனிட் தரையிலிருந்து உயர்த்தி வைக்கப்பட வேண்டும். இல்லையென்றால் வடிந்த நீர் அடியிலேயே பாளமாக உறைந்து விசிறியைத் தொட்டுவிடும்.

16 கிலோவாட் எதற்கு?

கருவியின் அளவுதான் என்னை உண்மையில் கவலைப்பட வைத்தது. "பெரியதாகவே இருக்கட்டும், குளிருக்கு நல்லதுதானே" என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். 16 கிலோவாட் என்றால் நம் ஏ.சி. கணக்கில் நாலரை டன். விலைப்புள்ளியின் எந்தப் பக்கத்திலும் அந்த வீட்டின் வெப்ப இழப்புக் கணக்கு இல்லை. சுவர் எவ்வளவு, ஜன்னல் எவ்வளவு, பரணில் வெப்பம் தப்பாமல் தடுக்கும் கண்ணாடிக் கம்பளி இருக்கிறதா, ரேடியேட்டர்கள் எத்தனை, எந்த அளவு என்று ஒரு வரிகூட இல்லை. விற்பனையாளர் வீட்டின் பரப்பளவை மட்டும் கேட்டுக்கொண்டார் என்று மகள் சொல்லியிருக்கிறார். துணிக்கடையில்கூட இப்படி அளவெடுக்க மாட்டார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

நீங்கள் தந்த எண்களை வைத்தே ஒரு கைக்கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் எண்ணெயில் சுமார் 10 யூனிட் ஆற்றல் இருக்கிறது. ஆகவே 2,400 லிட்டரில் 24,000 யூனிட். பழைய பாய்லர் அதில் ஐந்தில் ஒரு பங்கைப் புகைபோக்கியிலும் தன் உடம்பிலும் இழக்கிறது என்று கொண்டால், வீட்டுக்கு வந்து சேர்ந்தது 19,200 யூனிட். குளியல் வெந்நீருக்கு 2,500 கழித்தால், வீட்டைச் சூடாக்க 16,700. அல்சாசில் ஒரு குளிர்காலம் முழுவதும் தேவைப்படும் வெப்பம், அங்கே கணக்கிடும் கடுங்குளிர் அளவான மைனஸ் 15 டிகிரியில் சுமார் 2,000 மணி நேரம் முழு வேகத்தில் ஓடுவதற்குச் சமம் என்று நான் எடுத்துக்கொள்வது வழக்கம். 16,700-ஐ 2,000-ஆல் வகுத்தால் 8.35 வருகிறது. அதாவது ஆண்டின் மிகக் கொடிய இரவிலும் அந்த வீட்டுக்குத் தேவை எட்டு, ஒன்பது கிலோவாட்தான். முறையான அளவீடு இந்த எண்ணைச் சற்று ஏற்றலாம், இறக்கலாம், இரட்டிப்பாக்காது.

இங்கே விற்பனையாளர் தரப்பு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பெட்டியில் அச்சிட்ட 16 கிலோவாட் என்பது பெரும்பாலும் வெளியே 7 டிகிரியும் நீர் 35 டிகிரியும் இருக்கும்போது கிடைக்கும் அளவு. மைனஸ் 7-இல் 55 டிகிரி நீர் கேட்டால் அதே கருவி அதைவிடக் குறைவாகவே தரும். ஆகவே அட்டவணையில் அந்த இரு வெப்பநிலைகளுக்கான எண் எது என்று கேட்டு வாங்க வேண்டும். பெட்டியின் மேல் எழுதிய எண்ணை வைத்து அவரைக் குற்றம் சொல்லவும் கூடாது, அதை நம்பி வாங்கவும் கூடாது. இந்தக் குறைவைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பின்னும் 16 அந்த வீட்டுக்குப் பெரிது என்பதே என் கணிப்பு.

பெரிதாக இருந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பீர்கள். அங்கே குளிர்காலத்தின் பெரும்பகுதி மைனஸ் 15 அல்ல. ஐந்து, ஆறு டிகிரியில் நாட்கள் நகரும். அந்த நாட்களில் வீட்டுக்கு மூன்று, நான்கு கிலோவாட் போதும். அவ்வளவு கீழே இறங்கி மெதுவாக ஓடப் பெரிய கருவியால் முடியாது. சில நிமிடம் ஓடி நிற்கும், மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மின்சாரம் வீணாகும். கம்ப்ரஸர் சீக்கிரம் தேயும். நம் ஊரில் அளவு மீறிய ஏ.சி. அறையைச் சட்டென்று குளிரவைத்துவிட்டு, புழுக்கத்தை அப்படியே விட்டுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கோளாறுதான் இது.

அடுத்தது ரேடியேட்டர். வீடு 1974-இல் கட்டியது. 70, 80 டிகிரி நீருக்கென்று அவற்றைப் பொருத்தியிருப்பார்கள். ஹீட் பம்ப் சிக்கனமாக ஓட 50 டிகிரியைத் தாண்டாமல் இருக்க வேண்டும். அந்த வீடு 50 டிகிரி நீரில் சூடாகுமா என்பதைச் செலவே இல்லாமல் இந்தக் குளிர்காலத்திலேயே தெரிந்துகொள்ளலாம். வெளியே பூச்சியத்துக்குக் கீழே போகும் இரண்டு மூன்று நாட்களில், பாய்லரின் நீர் வெப்பநிலையை 55-க்கும், பிறகு 50-க்கும் இறக்கிவைத்து, எல்லா ரேடியேட்டர்களையும் முழுதாகத் திறந்துவிட்டு, எந்த அறை 19, 20 டிகிரியை எட்டவில்லை என்று மகள் குறித்துக்கொள்ளட்டும். எட்டாத அறையில் மட்டும் பெரிய ரேடியேட்டர் வைத்தால் போதும். பழைய பாய்லரை நெடுநாள் தாழ்ந்த சூட்டில் ஓட்டினால் புகையிலுள்ள நீராவி உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும். ஆகவே சோதனை முடிந்ததும் பழைய அளவுக்குத் திருப்பிவிட வேண்டும்.

எது முதலில்?

வெப்பக் காப்பு இல்லாத வீட்டில் 25 முதல் 30 விழுக்காடு வெப்பம் கூரை வழியாகவே தப்பிவிடுகிறது. அந்த வீட்டின் பரணில் இருப்பது நைந்துபோன மெல்லிய கம்பளிதான் என்று மருமகன் எடுத்த படத்தில் தெரிகிறது. அதன்மேல் 30 செண்டிமீட்டர் கனத்துக்குக் காப்பு பரப்பினால், எட்டரை கிலோவாட் தேவை ஆறு, ஏழாகக் குறைய வாய்ப்புண்டு. குறைந்த பின் வாங்கும் கருவி சிறியது, விலையும் குறைவு. முதலில் கருவியை வாங்கிவிட்டுப் பிறகு பரணை மூடினால், ஏற்கெனவே பெரிதாக இருந்தது மேலும் பெரிதாகிவிடும். ஆகவே என் வரிசை: பரண், பிறகு ரேடியேட்டர் சோதனை, அதன் பின் வெப்ப இழப்புக் கணக்கு, கடைசியாகத்தான் ஹீட் பம்ப்.

அதுவரை பழைய பாய்லரை ஓட்டலாமா என்றால், தாராளமாக ஓட்டலாம். 2022 ஜூலை 1 முதல் பிரான்சில் புதிய எண்ணெய் பாய்லர் பொருத்தத்தான் தடை. இருப்பதைப் பழுதுபார்த்து ஓட்டத் தடையில்லை. ஆகவே "இப்போதே மாற்றாவிட்டால் சட்டவிரோதம்" என்று விற்பனையாளர் சொல்லியிருந்தால் அது தவறு. அதேபோல, புதிய எண்ணெய் பாய்லர் வாங்கிவிடலாம் என்ற உங்கள் யோசனைக்கும் அங்கே இடமில்லை. கருவி மாறும் நாளில் பழைய எண்ணெய்த் தொட்டியைக் காலிசெய்து, வாயு நீக்கிச் சுத்தம் செய்து, சான்று வாங்க வேண்டும். இந்தச் செலவைப் பல விலைப்புள்ளிகளில் சேர்ப்பதில்லை, உங்களிடம் இருப்பதிலும் இல்லை.

முக்கால்வாசி மிச்சம் என்ற வாக்கைப் பற்றி: 19,200 யூனிட் வெப்பத்தை, ஆண்டுச் சராசரியாக ஒன்றுக்கு மூன்று என்ற கணக்கில் தந்தால் 6,400 யூனிட் மின்சாரம் வேண்டும். மகளின் மின்கட்டணச் சீட்டில் உள்ள யூனிட்டுக்கு 20 சென்ட் வீதத்தில் 1,280 யூரோ. இன்றைய 2,760-உடன் ஒப்பிட்டால் பாதிக்குச் சற்று மேல் மிச்சம். நல்ல மிச்சம்தான், ஆனால் முக்கால்வாசி அல்ல. பொருத்தம் சரியில்லாமல் சராசரி இரண்டரைக்கு இறங்கினால் செலவு 1,536 ஆகிவிடும்.

கோடையும், நம் ஊர் ஏ.சி.யும்

அல்சாசில் கோடையும் கடுமையாக இருக்கும். 2003 ஆகஸ்டில் பிரான்சில் அடித்த வெப்ப அலையில் ஏறத்தாழ 15,000 பேர் கூடுதலாக இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். எனவே குளிரூட்டலைப் பற்றி மகள் யோசிப்பது ஆடம்பரம் அல்ல. ஆனால் அதே ஹீட் பம்ப் ரேடியேட்டர்களில் குளிர்நீரை ஓட்டி வீட்டைக் குளிர்விக்கும் என்று எவராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். இரும்பு ரேடியேட்டர் போதுமான குளிர்ச்சி தராது; மேலே நீர் வியர்த்துத் தரையில் சொட்டும். பரணில் போடும் காப்பு கோடையிலும் காக்கும். பகலில் ஜன்னலின் வெளிக்கதவுகளைச் சாத்திவைத்து இரவில் திறந்துவிடும் பழக்கம், நம் வெள்ளை நகரத்து வீடுகளின் மரச் சட்டக் கதவுகள் எதற்காக இருக்கின்றனவோ அதே காரணத்துக்காக அங்கேயும் பலன் தரும். அதற்கு மேலும் தேவைப்பட்டால் மேல்மாடிப் படுக்கையறை ஒன்றில் மட்டும் சூடும் குளிரும் தரும் சிறிய ஸ்பிளிட் போதும்.

அந்த ஸ்பிளிட்டை இங்கிருந்து அனுப்ப வேண்டாம். நம் கடைகளில் விற்பவற்றில் பெரும்பாலானவை குளிர்விக்க மட்டுமே. அங்கே பூச்சியத்துக்குக் கீழே ஓடும்படி அமைக்கப்பட்டவை அல்ல. வாயு நிரப்பிய கருவிகளை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தனிக் கட்டுப்பாடு உண்டு. வாயுக் குழாயை இணைக்கச் சான்று பெற்ற பணியாளர் வேண்டும். வேறு கடையில் வாங்கிய கருவியை அவர் தொட மறுக்கலாம். எந்த அவுட்டோர் யூனிட்டாக இருந்தாலும், வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்றுவதால் ஊர் நகராட்சியில் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அண்டை வீட்டாருக்குக் கேட்கும் கூடுதல் இரைச்சல் பகலில் 5 டெசிபெல், இரவில் 3 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது.

காற்றுத் துளையும் உங்கள் மனைவியின் உடல்நலமும்

ஐயா, ஜன்னல் மேலுள்ள துளைகளில் ஒட்டச் சொன்ன டேப்பை இன்றே எடுக்கச் சொல்லுங்கள். அக்கறையால் சொன்னீர்கள் என்பது புரிகிறது. ஆனால் இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. அந்தத் துளைகள் வழியாக வரும் காற்று, சமையலறையிலும் குளியலறையிலும் உள்ள விசிறி வழியாக வெளியேறும் முறையில்தான் வீடு மூச்சு விடுகிறது. அடைத்தால் ஈரம் தங்கிச் சுவர் மூலைகளில் பூஞ்சை பிடிக்கும். இளைப்பு உள்ளவருக்கும் கைக்குழந்தைக்கும் அதைவிடக் கெடுதல் வேறில்லை. அதனினும் பெரிய ஆபத்து, எண்ணெய் எரியும் பாய்லருக்குக் காற்றுப் போதாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாவது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். பாய்லர் இருக்கும் தளத்தில் அதைக் கண்டறியும் அலாரம் ஒன்றை வாங்கி மாட்டச் சொல்லுங்கள். பாய்லரின் ஆண்டுப் பராமரிப்பு அங்கே சட்டப்படிக் கட்டாயம். இந்த ஆண்டுக்கானது நடந்துவிட்டதா என்று நீங்கள் புறப்படும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை டிகிரி வேண்டும் என்ற கேள்விக்கு: வீட்டின் உள்ளே குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது; முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பது நல்லது. பிரான்சில் பொதுவாக 19 டிகிரியை அளவாகக் கொள்கிறார்கள். 26 டிகிரி வேண்டும் என்று இங்கிருந்தே நீங்கள் கேட்டிருப்பது நம் உடம்பின் பழக்கத்தால். அந்த அளவுக்குச் சூடாக்கினால் எண்ணெய்ச் செலவும் ஏறும், உள்காற்றும் வறண்டு தொண்டையையும் மூக்கையும் காயவைக்கும். உங்கள் மனைவி படுக்கும் அறையை மட்டும் 20, 21 டிகிரியில் வைத்து, அவருக்குக் கம்பளிக் காலுறையும் உள்ளாடையும் வாங்கிக்கொடுங்கள். இளைப்புக்கான மருந்தை அளவோடு எடுத்துச் செல்வது பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அது என் துறை அல்ல.

மானியமும் உங்கள் வைப்புத்தொகையும்

2020 முதல் பிரெஞ்சு அரசு தரும் 'மா பிரீம் ரெனோவ்' உதவித்தொகை இருப்பது உண்மை. ஆனால் எல்லோருக்கும் ஒரே தொகை இல்லை; குடும்ப வருமானத்தைப் பொறுத்து நான்கு நிறப் பிரிவுகள், மிக உயர்ந்த பிரிவுக்கு ஹீட் பம்புக்கு ஒன்றும் கிடையாது. வீடு குறைந்தது 15 ஆண்டு பழையதாகவும், குடியிருக்கும் முதன்மை வீடாகவும் இருக்க வேண்டும், பொருத்துபவர் ஆர்.ஜி.இ. எனப்படும், ஆற்றல் சீரமைப்பு வேலைக்கான தகுதிச் சான்று பெற்றிருக்க வேண்டும். வேலை தொடங்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அறைக்காற்றை நேரடியாகச் சூடாக்கும் ஸ்பிளிட் வகைக்கு இந்த உதவி இல்லை. விதிகளும் தொகைகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. ஆகவே மகளும் மருமகனும் விற்பனையாளர் வாயால் கேட்காமல், 'பிரான்ஸ் ரெனோவ்' என்ற அரசு ஆலோசனைச் சேவையில் நேரம் வாங்கி, தங்கள் வருமானச் சான்றோடு போய்க் கேட்கட்டும். அந்த ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது. எந்த நிறுவனத்தையும் விற்கும் வேலையும் அவர்களுக்கு இல்லை.

உங்கள் வைப்புத்தொகையை இப்போது உடைக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். உங்கள் இருவருக்கும் மருத்துவச் செலவுக்கென்று இருப்பது அது ஒன்றுதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மகளும் மருமகனும் சம்பாதிக்கிறார்கள். வீடு அவர்களுடையது, முடிவும் அவர்களுடையதாகவே இருக்கட்டும். ஏதேனும் கொடுத்தால்தான் மனம் ஆறும் என்றால், பரண் காப்பு வேலைக்கு ஒரு பகுதி கொடுங்கள். அதன் செலவு ஹீட் பம்பில் ஒரு சிறு பங்குதான். அடுத்த மாதமே பலன் தெரியும். இந்தியாவிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாக அனுப்பினால் வங்கி வரியை முன்கூட்டியே பிடிக்கும். அங்கேயும் அன்பளிப்பை வரித்துறையிடம் அறிவிக்க வேண்டும். ஆகவே ஆடிட்டரிடம் கேட்ட பிறகே அனுப்புங்கள்.

விலகல் கடிதம் போன பின், குறைந்தது மூன்று நிறுவனங்களை வீட்டுக்கு வரவழைக்கச் சொல்லுங்கள். வந்தவர் பரணில் ஏறிப் பார்த்தாரா, ஒவ்வொரு ரேடியேட்டரையும் அளந்தாரா என்பதை வைத்தே அவரைப் பற்றிப் பாதி முடிவுக்கு வந்துவிடலாம். விலைப்புள்ளியில் அறைவாரி வெப்ப இழப்புக் கணக்கு, மைனஸ் 7-லும் மைனஸ் 15-லும் கருவி தரும் வெப்பம், துணைக்கு வைக்கும் மின் ஹீட்டரின் அளவு, பழைய குழாய்களின் சேறு அகற்றும் வேலை, எண்ணெய்த் தொட்டி, மின் இணைப்பின் திறனைக் கூட்ட வேண்டுமா என்ற விவரம், காப்பீட்டுச் சான்று ஆகியவை இருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பராமரிப்புக் கட்டாயம் என்பதால் அதன் கட்டணத்தையும் இப்போதே எழுதி வாங்குவது நல்லது. அந்த மூன்று விலைப்புள்ளிகளும் வந்ததும் எனக்கு அனுப்பிவையுங்கள். வெப்ப இழப்புக் கணக்கு உள்ள பக்கத்தையும் கருவியின் அட்டவணையையும் பார்த்து, எந்த அளவு பொருந்தும் என்று எழுதுகிறேன்.